கல்யாணக் கவுனும் கடைசித் தண்ணீரும்

இஸ்திரிப் பெட்டியை எடுத்தவுடன் பார்த்தேன். வெள்ளைப் பருத்திக் கவுனில், பெட்டி போன வழியெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. அன்று மாலை அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு ஒரு மணப்பெண் சர்ச்சுக்குப் போகவேண்டும்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு லாண்டரியில் நான் பெட்டி போடுகிறவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. யாரிடமும் அதிகம் பேசமாட்டேன்.

முதலாளி ஓடிவந்தார். "இன்னாய்யா ஏழுமலை, கருக்கிட்டியா? நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே!"

பெட்டியில் சூடு அதிகமில்லை. சலவை மேஸ்திரி கரீம் பாய் வந்து கவுனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அவனை ஏன் சாப் திட்றீங்க? கருகினா பழுப்பாகும். இது துணியில தங்கின சோடா, சூடு பட்டு மஞ்சளாயிருக்கு. கடைசித் தண்ணி காட்டல இல்ல?"

வெள்ளைத் துணியைச் சலவை சோடாவில் வேகவைத்து அலசியபின், வினிகர் கலந்த தண்ணீரில் முக்குவோம். அதுதான் கடைசித் தண்ணீர். இந்தக் கவுனுக்கு மட்டும் அது இல்லை. பெண்ணின் அம்மா, ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள், கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வினிகர் கினிகர் போடாதே மேன்! என் பொண்ணு ஊறுகாய் பாட்டில் மாதிரி வாசனை அடிக்கணுமா?" முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

கரீம் பாய் கவுனை நனைத்துப் பிழிந்து, அந்த நீரைக் கிண்ணத்தில் பிடித்தார். மஞ்சள் தோய்த்துக் காயவைத்த துணித்துண்டு ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும். அதை முக்கினார். குங்குமமாகச் சிவந்தது.

"பாத்தியா? சோடா இன்னும் உயிரோட இருக்கு."

அதே கிண்ணத்தில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சிவப்பு தயங்கியது; பிறகு சட்டென்று பழைய மஞ்சளுக்குத் திரும்பியது. நான் கிண்ணத்தருகே குனிந்தேன்.

"ரெண்டும் சண்டை போட்டு ரெண்டும் ஓஞ்சிடுச்சு தம்பி. தொட்டுப் பாரு."

தொட்டேன். சோடாவின் வழவழப்பு இல்லை. என் விரல்களைப் புண்ணாக்கிய காரம் எங்கே போனது?

கவுனையும் வினிகர்த் தண்ணீரில் முக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் வெளுத்தது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திக் கொடுத்தார். மறுபடி பெட்டி போட்டேன். ஆவியில் லேசாகப் புளிப்பு வந்தது, பிறகு அதுவும் இல்லை. கவுன் வெள்ளையாகவே நின்றது.

அம்மாள் வந்து கவுனை மூக்கருகே கொண்டுபோனார். "பாத்தியா மேன், வினிகர் இல்லாமலே எவ்ளோ ஒயிட்!"

முதலாளி மறுபடியும் தலையாட்டினார். கரீம் பாய் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாள் போனதும் முதலாளி என்னிடம், "நாளைக்கு நிறைய துணி வருது, சீக்கிரம் வந்துடு" என்றார்.

கையைத் தின்னும் இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒன்றும் செய்யாத தண்ணீராகிப்போவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: பெட்டியைத் தூக்குமுன், துணிக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். சூடு அதைத்தான் முதலில் வெளியே கொண்டுவரும்.