‘என்ன ஆகப் போகிறாய்?’ என்றொரு கட்டம்

வணிகம், பொருளாதாரம், அரசியல் மூன்றையும் ஒரே பட்டத்தில் படிப்பவர்கள் முதலில் தேர்ச்சி பெறுவது, பஸ்ஸில் யாராவது “என்ன படிக்கிறே?” என்று கேட்டால் தூங்குவதுபோல நடிப்பதில்தான். உங்களில் யாராவது இதே படிப்பில் மாட்டிக்கொண்டிருந்தால் என்னைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடத்திலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கண்டக்டரின் சந்தேகம்

நாகலூரிலிருந்து ஏற்காட்டுக் கல்லூரிக்கு தினமும் அதே பஸ், அதே கண்டக்டர். ஒரு நாள் என் தூக்கம் பலிக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். “அப்ப பேங்க் வேலைக்கா? வக்கீலுக்கா?” என்றார். இரண்டுக்கும் இல்லை, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறோம், நாடக வகுப்புகூட உண்டு என்றேன். நாடகத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. டிக்கெட்டைக் கையில் கொடுத்தவர் நகராமல் நின்றார்.

“ஒண்ணுல பெயிலானாலும் மத்ததெல்லாம் இருக்குதுங்கற தைரியமா கண்ணு?”

காலிக் கட்டம்

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். என் படிப்பு ஓடுவது மூன்று பேர் கொண்ட எங்கள் சர்ச் கமிட்டி தரும் உதவித்தொகையில். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க ஒரு படிவம். அதில் ‘படித்து என்ன ஆகப் போகிறாய்?’ என்று ஒரு கட்டம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ‘நர்ஸ்’ என்று ஒரு நொடியில் எழுதிவிட்டாள். நான் போன வருடம் ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதித் தப்பித்தவள். உதவி நின்றால் படிப்பும் நின்றுவிடும். நிஜமாகவே பயந்துபோனேன். இந்த வருடம் கட்டத்தைக் காலியாக விட்டிருந்ததைப் பார்த்து, கமிட்டிச் செயலாளர் தங்கராஜ் ஐயா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள எதையாச்சும் எழுதிக் குடு சாமி, காலியா இருந்தா மூணு பேருமே கையெழுத்துப் போட மாட்டோம்.”

மூன்று ஆசிரியர்கள், ஒரு மிளகு

வகுப்பிலாவது பதில் கிடைக்குமா என்று பார்த்தேன். விலை ஏறினால் சரக்கு சந்தைக்கு அதிகம் வரும் என்று பொருளாதார ஆசிரியர் கோடு போட்டார். எங்கள் ஊரில் மிளகு விலை ஏறினால், இன்னும் ஏறட்டும் என்று மூட்டையைக் கட்டி உள்ளே வைத்துவிடுவார்களே என்றேன். அது எதிர்பார்ப்பு என்றார் அவர். காத்திருக்க யாருக்கு வசதி இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றார் அரசியல் ஆசிரியர். வணிக ஆசிரியர், மிளகுக்கு முதலில் ஒரு நல்ல பெயர் வையுங்கள் என்றார். வகுப்புப் பரீட்சையில் மூன்றையும் எழுதினேன், அரை மார்க் வந்தது. ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள் சமீனா என் விடைத்தாளை வாங்கிப் படித்தாள்.

“எங்க அத்தா மிளகு வாங்கறப்ப இதுல ஒண்ணையுமே யோசிக்கிறதில்லடி, காஞ்சிருக்குதான்னு கடிச்சுத்தான் பாப்பாரு.”

செம்மநத்தத்தில் ஆபீசர் அம்மா

அந்த வாரமே கல்லூரி ஆய்வுக்காக, பஸ் வசதியைப் பற்றிக் கேள்வி கேட்க நானும் சமீனாவும் செம்மநத்தம் கிராமத்துக்குப் போனோம். கையில் அட்டை, பேனா, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. பத்து நிமிடத்தில் ஊர்க்காரர்கள் எங்கள் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு ஆளுக்கொரு மனு. பஸ், தண்ணீர், பட்டா, விதவை உதவித்தொகை. நான் மாணவிதான் என்று நாலு தடவை சொன்னேன். படிச்சவங்கதானே ஆபீசர் ஆவாங்க என்று அதற்கும் தலையாட்டினார்கள். வாங்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. பதினொரு மனுக்கள். கடைசியாகக் கொடுத்த எஸ்டேட் வேலைக்காரப் பெண் என் கையையே பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, நீங்க வாங்கிக்கிட்டதே நொம்ப சந்தோசமுங்க, போன தடவ வந்தவரு கைநீட்டியே வாங்கலீங்க.”

ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, பதினொன்றையும் தாலுகா ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கினோம். ஞாயிறன்று பூசை முடிந்ததும் கமிட்டி முன்னால் போய் நின்றேன். கட்டம் காலியாகவே இருந்தது. அதற்குள் விஷயம் மலை முழுக்கப் பரவியிருந்தது. “செம்மநத்தத்துல ஆபீசர்னு சொல்லி மனு வாங்குனது நீதானா?” என்றார் கமிட்டியில் ஒருவர். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் அப்படிச் சொல்லவேயில்லை, என்ன ஆகப் போகிறேன் என்றும் சத்தியமாகத் தெரியவில்லை என்று சொல்லி ரசீதுகளை மேசையில் வைத்தேன். மூவரும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். பிறகு தங்கராஜ் ஐயா பேனாவைத் திறந்து, என் படிவத்தில் அவரே எழுதினார்.

“இந்த வருசத்துக்கு டீச்சர்னு போட்டுக்கறேன் சாமி, அடுத்த வருசம் வேற எதாச்சும் ஆயிக்கலாம்.”

ஆக, சக மாணவர்களே, மூன்று பாடங்களும் சேர்ந்து எனக்குத் தெளிவாக்கியது இவ்வளவுதான்: என் எதிர்காலம் என்னவென்று எனக்கே தெரியாது, ஆனால் அதை நம்பி மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.