கங்காணியின் காலும் என் கை எடையும்

மளிகைக்கடைக்காரன் சாமி கும்பிட மறந்தாலும் பிழைத்துக்கொள்வான். பூனைக்குப் பால் வைக்க மறந்தால் எலி அவனைக் கடையோடு காலி பண்ணிவிடும். கடை வைத்திருக்கும் புண்ணியவான்களே, பூனை வளர்க்கும் பாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

திருமயத்துக்கு ஏழு மைல் தள்ளி எங்கள் ஊர். அங்கே எனக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு பூனை. துவரம்பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் அதட்டுகிற மாதிரி பார்ப்பதால் அவனுக்குக் கங்காணி என்று பெயர். பெயர் வைத்தது என் வீட்டுக்காரி அலமேலு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சோறு பிசைந்து வைக்கும்போது அவள் அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவாள்; நான் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன். கிலோக் கல் வந்த புதிதில் அவனுக்கு ஒரு கண்டம் வந்தது.

சர்க்கார் கல்

வீசையை எடுத்துவிட்டுக் கிலோவைக் கொண்டுவந்தவர்கள் ஒரே ஒரு நாள் என் கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். “ஒரு வீசை புளி” என்று வாடிக்கைக்காரி செல்லாயி கேட்டாள். “ஒரு கிலோ நானூறு கிராம்” என்றேன். “நான் கேட்டது புளி. நானூறு எதுக்கு?” என்றாள். விளக்கம் சொல்லுகிறேன் பேர்வழி என்று இடது கையில் பழைய வீசைக் கல்லையும் வலது கையில் புது அஞ்சு கிலோ கல்லையும் தூக்கிக் கூத்துக்காரன் மாதிரி ஆட்டிக் காட்டினேன். வேர்த்த கை. அஞ்சு கிலோ வழுக்கிவிட்டது. கீழே கங்காணி காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் போட்ட சத்தத்தில் வீசைக் கல்லை வைத்துவிட்டு அவனைத் தூக்கினேன். பின்னங்கால் ஒன்று தொங்குகிறது. செல்லாயி பூனையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இத்தனை வருசத்துல வீசைக் கல்லு விழுந்து ஒரு பூனைக்காச்சும் ஒண்ணு ஆகியிருக்கா, சொல்லுங்க பாப்போம்!”

பாவத்தில் பங்கு

சத்தம் கேட்டு அலமேலு வீட்டிலிருந்து ஓடி வந்தாள். அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திருமயம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இவன் உசுரோட வந்தா நீங்களும் வீட்டுக்கு வாங்க. இல்லாட்டி அந்தக் கல்லோடயே குடித்தனம் பண்ணுங்க” என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

புளிக்கூடையில் சாக்கு விரித்து அவனைப் படுக்க வைத்தேன். பொட்டலம் மடிக்கும் ராமையா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கூடையைக் கட்டிக்கொண்டே, பூனையைக் கொன்றவன் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்று சாஸ்திரம் சொல்ல ஆரம்பித்தார். “யோவ், இன்னும் சாகலையய்யா!” என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. “பயப்படாதீங்க மொதலாளி. கல்லுல சர்க்காரு முத்திரை இருக்கு. பாவத்துல பாதி அவுகளுக்குத்தான் போகும்.”

குறுக்கும் நேரும்

பஸ் வந்தது. முன் சீட்டு முழுக்கப் பெண் பார்க்கப் போகிற ஒரு கூட்டம். கூடைக்குள்ளிருந்து ‘மியாவ்’ என்றதும் மாப்பிள்ளையின் மாமா துள்ளி எழுந்தார். “பூனை ஏறுனா நாங்க எறங்குறோம்!” டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். பூனையே வண்டியில் வந்தால் சகுனம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கோ ஒவ்வொரு நிமிஷமும் கூடைக்குள் அவன் முனகுவது நெஞ்சில் குத்தியது.

கடைசியில் கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார். நான் பின் சீட்டில் உட்கார வேண்டும், பூனையின் முகம் திருமயத்தைப் பார்த்தே இருக்க வேண்டும், இங்கிட்டு அங்கிட்டுத் திருப்பக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் மாமா திரும்பி முறைத்தார். கூடைக்குள் அவன் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தானோ, எனக்கே தெரியாது. கண்டக்டர்தான் மாமாவை அடக்கினார். “குறுக்க போனாத்தான் சகுனத் தடை. கூடவே வந்தா அதுவும் பாசஞ்சருதான், பேசாம ஒக்காருங்க!”

பல்

மாட்டாஸ்பத்திரியில் காளை, எருமை, ஆடு என்று ஒரே வரிசை. கம்பவுண்டர் நோட்டைப் பிரித்தார். “காளையா, பசுவா?” பூனை என்றேன். “கொம்பு?” இல்லை என்றேன். “உழவா, வண்டியா?” கடை என்றேன். மனுஷர் தலை நிமிரவே இல்லை. “பல்லு போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே, மாட்டுக்குப் பல் பிடித்து வயசு பார்க்கிற பழக்க தோஷத்தில் கூடைக்குள் கையை விட்டார். அப்புறம் அந்த விரலை வாயில் வைத்துச் சூப்பியபடி நோட்டில் எழுதினார். “பல்லு… எல்லாம் முழுசா இருக்கு.”

கை எடை

டாக்டர் சின்ன வயசுக்காரர், தன்மையானவர். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எலும்பு முறிஞ்சிருக்குங்க. மயக்க ஊசி போட்டுத்தான் சேர்த்துக் கட்டணும். பூனையோட எடை சரியாத் தெரியணும். மருந்து கூடிப்போச்சுன்னா கண்ணு முழிக்காது” என்றார். அங்கே இருந்த மருந்துத் தராசில் கங்காணியின் வாலைத்தான் வைக்கலாம். மாடு நிறுக்கும் தராசிலோ முள் அசையவே இல்லை.

“தராசு எதுக்கு சார்? என் கையே தராசு” என்றேன். பொய்யில்லை. கருப்பட்டி, வெல்லம், புளி எதுவானாலும் கையில் தூக்கியே எடை சொல்லுவேன். சுற்று வட்டாரத்தில் எனக்கு அதில் பேர். கங்காணியைத் தூக்கினேன். “ரெண்டரை வீசை. உங்க கணக்குல மூணரை கிலோ.”

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். எனக்குக் குப்பென்று வேர்த்தது. கடைக்காரர்களே, உங்களுக்குத் தெரியாதா? பதினைந்து வருஷமாக இந்தக் கை தூக்கினால் இந்த வாய் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். தூக்கியது கருப்பட்டியா கங்காணியா என்று வாய்க்கு என்ன தெரியும்? பின்னால் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எங்கள் ஊர் அடைக்கன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனோடு நம் வாடிக்கைக்காரர்கள் நாலு பேர். மானம் ஒரு பக்கம், கங்காணி உயிர் ஒரு பக்கம். “சார், வீசைக்கு நாலு பலம் கொறைச்சுக்கங்க” என்று முணுமுணுத்தேன். நாற்பது பலம் சேர்ந்தால்தான் ஒரு வீசை. “என்ன? சத்தமாச் சொல்லுங்க” என்றார் டாக்டர். ஊசி கங்காணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. “நான் எடை சொன்னா வீசைக்கு நாலு பலம் கொறையும் சார்!” என்று அலறிவிட்டேன்.

மாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது. டாக்டர் ஊசி மருந்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினார். அடைக்கன் மட்டும் மெதுவாகக் கேட்டான். “அண்ணே… அப்ப போன பொங்கலுக்கு நான் வாங்குன வெல்லம்?”

வீட்டுத் தராசு

மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, அவன் அசையவில்லை. வேப்பமரத்தடியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, “தம்பி, எந்திரிடா” என்று அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? அப்புறம் துரை ஒரு கண்ணைத் திறந்து, கடனாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டில் அலமேலு அவனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு எனக்கு இலை போட்டாள். ஆஸ்பத்திரியில் மானம் போன கதையை, இவளாவது ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “எனக்கு எப்பவோ தெரியும். நம்ம வீட்டுக்கு வெல்லம் எடுத்தா நான் தராசுல போட்டுத்தானே எடுப்பேன்.”

மறுநாள் வியாபாரம்

கங்காணி நாற்பது நாளில் நடந்தான். லேசாக நொண்டுவான், எலிகள் அதை நம்பி மோசம் போயின. ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. எங்கள் பஸ்ஸுக்கு முந்தியே சேதி ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. கடை வாசலில் ஏகக் கூட்டம். எல்லாரும் விசாரித்தது பூனையைத்தான், பார்த்தது என் கையைத்தான். ஒரு அம்மாள் கருப்பட்டி கேட்டாள். பழக்கத்தில் ஒரு சிப்பத்தைத் தூக்கி வாயைத் திறந்தேன். அவள் பவ்வியமாகக் கையை நீட்டித் தடுத்தாள். “அண்ணே, பூனைக்குச் சொன்ன எடையா எனக்கும் சொல்லுங்க.”

இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் வாய்விட்டுச் சரியான எடை சொன்ன சரக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் விற்பனைக்கு இல்லை.