பாதிக் கூரை

விசைத்தறிச் சத்தத்தை மீறிப் பேசியே பழகிய குரல் அவருக்கு; ரகசியம் சொன்னாலும் வாசல்வரை கேட்கும். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி. சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவி.

பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி இனி அரசு நிதி தரலாமா என்று கருத்துக் கேட்க ஓர் அதிகாரி வந்திருந்தார். எங்களுடையது பெரிய பள்ளி, கூடுதலாகக் கிடைக்கும். கை தட்டினோம். தலைவி எழுந்தார்.

"பத்துப் பிள்ளைதான் இருக்குன்னு பாதிக் கூரையா போட முடியும் சார்? சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கொறைச்சிராதீய."

பக்கத்துப் பெண் அவர் சேலையை இழுத்தாள். "ஏட்டி, நம்ம பிள்ளையளுக்கு வாரதைக் கெடுக்காத!"

அவர் உட்காரவில்லை.

கூட்டம் முடிந்ததும் கேட்டேன்: "சின்னப் பள்ளிக்கூடத்துல ஒங்க சொந்தக்காரப் பிள்ளைய படிக்காங்களா?"

"இல்ல டீச்சர். மழை பெய்யுதுல்லா, அதான் நெனப்பு வந்துச்சு."

அந்த மழைச் சத்தம் எங்கள் எல்லோருக்கும்தான் கேட்டது.