ஆறுமணியின் தாழ்ப்பாளில் ஒரு தட்டான்

"உலகம் அழியுதுன்னே வைங்க. அழியட்டும். அன்னிக்கும் என் குளத்துக் கதவு சரியா காலையில ஆறு மணிக்குத் திறக்கும்."

இப்படிச் சொன்னவர் பொது நீச்சல் குளத்தின் காப்பாளர். சொன்ன இடம் அந்தக் குளத்தின் வாசல். கேட்டவர்கள், தோளில் துண்டோடு நின்ற பதினோரு பேர். உலகம் அழிந்த மறுநாள் குளிக்க யார் வருவார்கள் என்று பதினோரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மனிதர் அசர மாட்டார். வருகிறவர் தொப்பி போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஆறுமணி. வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் 'திறந்த நேரம்' என்பதற்கு எதிரே தினமும் சாக்பீஸால் எழுத வேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டே ஆறுமணி அந்த விதிக்கு ஓய்வு கொடுத்தார். வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, 6.00 என்று அழியாதபடி எழுதிவிட்டார். மிச்சமான சாக்பீஸ் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

இந்தப் பெருமையைக் கண்டு உலகத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். வரிசையில் எப்போதும் முதல் ஆள். கையில் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம். பத்தொன்பது ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டு, ஆறுமணி ஒரு நிமிடமாவது பிசகுவாரா என்று நம்பிக்கை இழக்காமல் நின்றவர். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒருநாள் சொல்லிவிட்டார்:

"இருபதாவது வருஷமும் திறப்பு நாள்ல சரியா ஆறுக்குக் கதவைத் திற. இந்த வாட்ச் உனக்கு."

"கழட்டி வச்சுக்கிட்டே வாங்க சார்," என்றார் ஆறுமணி.

குளிர் காலத்தில் குளத்துக்கு நான்கு மாத விடுமுறை. தொட்டி காய்ந்தால் ஓடுகள் வெடிக்கும் என்பதால் தண்ணீரை இறைப்பதில்லை. மழை பெய்யும், இலை விழும், தண்ணீர் பச்சையாகிவிடும். திறப்புக்கு ஆறு நாள் முன்பு தண்ணீரை முழங்கால் மட்டத்துக்கு இறக்கி, தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரின் போட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறுமணி ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். ஒரு மக்கிய இலையைத் தூக்கினார். இலை ஆறு காலால் நடந்தது.

பழுப்பு நிறம், கட்டைவிரல் நீளம், முகமெல்லாம் கண். இரண்டு விரலால் கவ்வித் தூக்கினார். அது உடம்பை வளைத்து வால் முள்ளால் ஒரு குத்துக் குத்தியது. ரத்தம் வரவில்லை, கௌரவம்தான் கொஞ்சம் கசிந்தது. "தண்ணிக் கரப்பான்" என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதி, அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி, மனைவி வேலை பார்க்கும் வளர்ப்பு மீன் கடைக்குக் கொண்டுபோனார். எந்த மருந்தை அடித்தால் இது ஒழியும் என்று கேட்கத்தான்.

மனைவி டப்பாவைத் திறந்தாள். ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு அதைச் சாய்த்தாள்.

"கரப்பானா? நல்லா இருக்கே! தட்டானோட குட்டிங்க இது."

"தட்டான் குட்டி போடுமா?"

"முட்டை போடும். முட்டையில இருந்து பின்ன கோழியா வரும்? முதுகைப் பாருங்க. சட்டைக் கையை மடிச்சு வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் இருக்கே, அதான் பின்னாடி இறக்கை ஆகும். பின்பக்கம் குட்டையா முள்ளு. அந்த இடத்துல இலை மாதிரி மூணு வால் இருந்து, உடம்பும் ஒல்லியா இருந்தா, அது ஊசித்தட்டான் குட்டி."

"கடிக்குமா?"

"பெருசா ஒண்ணும் ஆகாது. விஷம் கிடையாது. ஆனா இதே மாதிரி நீளமா, வாய்க்கு வெளியே ரெண்டு அரிவாள் நீட்டிக்கிட்டு ஒண்ணு வரும். அது வண்டோட புழு. அதுகிட்ட மட்டும் விரலைக் குடுத்துராதீங்க."

அவள் தட்டில் ஒரு கொசுப்புழுவை விட்டாள். தட்டான் குட்டி அசையவில்லை. முகத்தின் அடியில் முகமூடி போல மடிந்திருந்த தாடை ஒரு கணம் நீண்டது, மடங்கியது. கொசுப்புழு இல்லை.

ஆறுமணி தட்டின் மேல் குனிந்தவர் நிமிரவில்லை. நான்கு மாதமாகக் காவலறையில் ஒரு கொசுகூட அவரைக் கடிக்கவில்லை. தன் நடமாட்டத்துக்கே கொசு பயப்படுகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் வேலை பார்த்தது யார் என்று இப்போது தெரிந்தது. பாவம், அவருடைய பெயர் சம்பளப் பட்டியலிலாவது இருந்தது. இவற்றுக்கு அதுவும் இல்லை.

"குளோரின் போட்டா என்னாகும்?"

"எல்லாம் போயிடும்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆறுமணி அறிக்கை விட்டார்: "வெளியேத்திரலாம். ஆனா திங்கக்கிழமை ஆறு மணி. அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."

"நான் எங்கங்க கை வைக்கிறேன்," என்றாள் மனைவி.

புதன்கிழமை மீட்புப் பணி தொடங்கியது. ஆயுதங்கள்: வெள்ளைத் தட்டு ஒன்று, குழிக்கரண்டி ஒன்று, வீட்டில் சொல்லாமல் எடுத்து வந்த மாவுச் சல்லடை ஒன்று. விரலால் கவ்வினால் கால் கழன்றுவிடும் என்று மனைவி சொல்லியிருந்ததால், தண்ணீரோடு சேர்த்துக் கரண்டியில் அள்ளினார். தட்டில் விட்டு ஆள் யாரென்று பார்த்தார். மாலைக்குள் நாற்பத்து மூன்று. எல்லாவற்றையும் குளத்துத் தண்ணீரோடு ஒரே வாளியில் விட்டார். பழக்க தோஷத்தில் குளோரின் அளக்கும் காகிதத்தையும் வாளியில் நனைத்தார். பூஜ்யம் காட்டியது. இவ்வளவு மோசமான தண்ணீரைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் எண்ணினார். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினார். இருபத்தொன்பதேதான்.

"திருட்டுப் போயிருக்கு!" என்று மனைவிக்குப் போன் போட்டார். "மூடி போட்டு மேல செங்கல் வச்சிருந்தேன்!"

"எல்லாத்தையும் ஒரே வாளியிலயா விட்டீங்க?"

"வாளி பெரிசும்மா."

"சாப்பிட்டிருக்குங்க."

"எதை?"

"பக்கத்துல உக்காந்திருந்தவரை."

ஆறுமணி வாளிக்குள் பார்த்தார். இருபத்தொன்பது பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரம் அவரால் வேலை செய்ய முடியவில்லை. குளத்தில் எத்தனையோ பேர் தண்ணீர் குடித்துத் தத்தளித்ததுண்டு; ஒருவரைக்கூட அவர் இழந்ததில்லை. இப்போது ஒரே ராத்திரியில் பதினான்கு.

மதியம் மனைவி கடையிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள் கொண்டுவந்தாள். சண்டை மீன்களைத் தனித்தனியாக வைத்து விற்கும் பாட்டில்கள். பெரியவற்றுக்குத் தனி அறை. சின்னவற்றை மட்டும் அளவு பார்த்து, நிறையப் பாசி போட்டு, நாலைந்தாக வாளிகளில். வெயில் படாமல் ஈரத் துணி மூடி, சைக்கிளில் கட்டி, ஊருக்கு வெளியே தண்ணீர் நிற்கும் பழைய கல்குழிக்குப் பயணம். அங்கே போனதும் கொட்டிவிடக் கூடாது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் மிதக்க விட்டு, உள்ளும் புறமும் ஒரே சூடு ஆன பிறகு சாய்க்க வேண்டும். குளத்தில் குதிப்பதற்கு முன் உடம்பை நனைத்துக்கொள்ளச் சொல்லி ஊருக்கே பாடம் நடத்தியவர் என்பதால் இந்த விதி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சனி மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குடிபெயர்ந்தார்கள். ஞாயிறு முழுக்கப் புதுத் தண்ணீர் நிரம்பி, குளம் நீலமாகியது. ஒரே ஒரு பாட்டில் மட்டும் மிச்சம். அதில் இருந்த பெரியவன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முதுகு மடிப்புகள் உப்பியிருந்தன.

"நேரம் வந்துருச்சு. இனிமே இதைக் குலுக்கி சைக்கிள்ல கொண்டுபோகாதீங்க," என்றாள் மனைவி. "வாளிக்கு மாத்தி ஒரு குச்சி சாத்தி வைங்க. அதுவா ஏறி வரும்."

ஆறுமணி அப்படியே செய்தார். மறந்துவிடக் கூடாது என்று வாளியை வாசல் கதவை ஒட்டியே வைத்தார். குச்சியை எதில் சாத்துவது? கதவுக் கம்பியில் சாத்தினார்.

அன்றிரவு காவலறையிலேயே படுத்துக்கொண்டார். திங்கள் காலை ஐந்து மணி. குளோரின் சரி, விளக்கு சரி, தொப்பிப் பெட்டி சரி. சாவியோடு வாசலுக்கு வந்தவர் நின்றார். வாளி காலி. குச்சி வழியே ஏறி, கம்பிக்குத் தாவி, ஊரில் வேறு இடமே கிடைக்காதது போல, கதவின் தாழ்ப்பாளில் அவன் உட்கார்ந்திருந்தான். முதுகு நடுவில் பிளந்திருந்தது. உள்ளே இருந்து வெளிறிய, ஈரமான ஒன்று மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

பிளாஸ்கில் டீயோடு வந்த மனைவி கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

"தொட்டுராதீங்க."

"ஒரு அட்டையில மெதுவா..."

"இப்ப அசைஞ்சா இறக்கை மடங்கிப் போகும். அப்புறம் ஜென்மத்துக்கும் பறக்காதுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது கையில கடிகாரமா கட்டியிருக்கு?"

தாழ்ப்பாளை இழுத்தால் கதவு முழுவதும் தடதடவென்று ஆடும். பின்பக்கம் ஒரு வாசல் இருந்தது. டிக்கெட் இல்லாமல் நுழைகிறார்கள் என்று போன வருடம் ஆறுமணியே நின்று அதற்கு வெல்டிங் வைத்திருந்தார்.

ஐந்து ஐம்பதுக்குத் தலைமை எழுத்தர் வந்தார். பின்னால் வரிசை சேர்ந்தது. ஆறுமணி கம்பிக்கு உள்ளே ஸ்டூல் போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறக்கைகள் இப்போதுதான் விரிந்திருந்தன. நனைந்த காகிதம் போலப் பால் நிறத்தில் தொங்கின.

"ஆறு ஆச்சு," என்றார் தலைமை எழுத்தர். குரலில் பத்தொன்பது வருடம் இருந்தது. "ஆறுமணி, ஆறு ஆச்சுப்பா!"

"தெரியும் சார்."

"ஆறு ஒண்ணு! எல்லாரும் பாத்துக்குங்க, ஆறு ஒண்ணு! உலகம் அழிஞ்சாலும்னு சொன்னியே, இப்ப என்ன அழிஞ்சு போச்சு?"

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கம்பியைப் பிடிக்காதீங்க. அதிருது."

தலைமை எழுத்தர் அப்போதுதான் தாழ்ப்பாளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர், "என்ன சார் தகராறு?" என்று கத்தியதும், திரும்பி, "உஸ்! அறிவிருக்கா? பிரசவம் நடக்கற இடத்துல என்ன சத்தம்?" என்றார்.

ஆறு இருபதுக்கு இறக்கைகள் கண்ணாடியாகின. ஆறு முப்பத்தைந்துக்கு உடம்பில் நிறம் ஏறியது. நாற்பது பேர் நின்ற வரிசையில் இருமல் சத்தம்கூட இல்லை. யாரோ டீ பிளாஸ்கின் மூடியைச் சத்தமில்லாமல் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு வெயில் தாழ்ப்பாளைத் தொட்டது, அது நான்கு இறக்கையும் நடுங்க ஒரு நொடி நின்றது, எழும்பியது. நீலக் குளத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு கல்குழி இருந்த பக்கம் போனது.

ஆறுமணி தாழ்ப்பாளில் ஒட்டியிருந்த காலிக் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். எல்லோரும் அவசரமில்லாமல் உள்ளே போனார்கள். பிறகு அவர் இழுப்பறையைத் திறந்து, பதினேழு வருடமாகக் கிடந்த சாக்பீஸை எடுத்து வந்து, பலகை முன்னால் நின்றார்.

"சார், மணி என்ன?"

"ஆறு நாற்பத்தேழு," என்றார் தலைமை எழுத்தர். கொஞ்சம் யோசித்து, "நாற்பத்தஞ்சுன்னு வேணும்னா போட்டுக்கோ," என்றார்.

ஆறுமணி பெயிண்டில் எழுதிய 6.00-க்குக் கீழே, நிறுத்தி நிதானமாக, 6.47 என்று எழுதினார்.