மலர்விழியின் அம்மாவை என் அம்மா என்றேன்

இன்னொருத்தியின் அம்மாவை என் அம்மா என்று சொல்லி நான் ஒரு வேலையை வாங்கினேன்.

இப்படி முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து, நடுவில் எங்காவது என்னை நானே காப்பாற்றிக்கொண்டு விடுவேன். நான்கு ஆண்டுகளாக அதைத்தானே செய்துவருகிறேன்!

என் பெயர் எஸ்தர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர், அம்மா பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் வீட்டில் ஏதாவது பழுதானால் தொலைபேசியில் சொல்வோம், ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். மின்பொறியியல் படித்தேனே தவிர, ஒரு ஸ்விட்சைக்கூட நான் கழற்றிப் பார்த்ததில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மலர்விழி. கோவிலம்பாக்கத்துப் பெண். அப்பா இல்லை. அவள் அம்மா வீட்டின் முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்று அவளைப் படிக்கவைத்தார்.

மூன்றாம் ஆண்டில், கேளம்பாக்கம் பக்கம் மோட்டார்களுக்கான கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம், படிக்கும்போதே ஆறு மாதம் வேலை பழக மாணவர்களை எடுத்தது. நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. எங்கள் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். நேர்காணலுக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஐவரில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

தாம்பரத்தில் ஒன்றாகப் பேருந்து ஏறினோம். மழை ஓய்ந்த காலை. வண்டலூர் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் தண்ணீர்... தண்ணீருக்குள் வானம். பேருந்து மேகங்களின் மேல் மிதந்து போவது போல இருந்தது. எனக்குப் பாதித் தூக்கம்.

"எஸ்தர், ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது" என்றாள் மலர்.

"சொல்லு."

"எங்கம்மா கிரைண்டர் கீதுல்ல, அதோட மோட்டார் காயில் அடிக்கடி எரிஞ்சி போவும். எங்க தெருவுல மத்தியானத்துல வோல்டேஜ் எறங்கிடும். மோட்டார் சுத்த முடியாம முக்கி முக்கி எரிஞ்சிடும். அதுக்கு நான் ஒரு பெட்டி பண்ணேன். வோல்டேஜ் கொறைஞ்சா கரண்ட்ட கட் பண்ணிடும்."

"வேலை செஞ்சுதா?"

"எங்க? கிரைண்டர போட்ட ஒடனே கட் ஆச்சு. அம்மா செம திட்டு. அப்புறம் நாலு நாள் கிரைண்டர் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துகினு கேட்டேன். அது கெளம்பும்போது ஒரு தபா மூச்சு வாங்கும்டி! அந்த நேரத்துல வோல்டேஜ் தானா எறங்கும். என் பெட்டி அத பாத்து பயந்துடுது. 'அஞ்சு செகண்ட் பொறுத்துக்கோ'ன்னு அதுக்குக் கத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் எரியல."

சொல்லும்போது அவள் கண்கள் எவ்வளவு பெரிதாயின! பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இத உள்ள சொல்லவா? மாவுக் கடைன்னா சிரிப்பாங்களா?"

நான் சொன்னேன், "வேணாம் மலர். பெரிய கம்பெனி. காலேஜ் புராஜெக்ட் பத்தியே பேசு. அதான் டீசன்ட்டா இருக்கும்."

இந்த இடத்தில் என்னை நிறுத்தி நீங்கள் கேட்கலாம். அப்போதே திட்டமிட்டுவிட்டாயா என்று. இல்லை என்று சத்தியம் செய்ய வாயெடுப்பேன்... ஆனால் அந்தப் பேருந்தில் எனக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அவளிடம் இருப்பது என்னிடம் இல்லை என்ற குளிர். அது அறிவுரையா, பொறாமையா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

பெயர் வரிசைப்படி நான் நான்காவது. அவள் கடைசி.

அறைக்குள் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தாடிக்காரர்தான் பேசினார். என் தாள்களை மூடி ஓரமாக வைத்தார்.

"வந்தவங்க எல்லாரும் ஒரே புராஜெக்ட்ட சொல்லிட்டாங்கம்மா. அத விடுங்க. யாரும் சொல்லாம, நீங்களா எதையாவது சரி பண்ணிருக்கீங்களா?"

என் மனத்தில் ஒன்றுமே இல்லை. குளிர்சாதனத்தின் மெல்லிய ரீங்காரம்... கண்ணாடிக்கு வெளியே தேங்கிய நீர், அதன்மேல் வெயில் நெளிந்தது. அந்த ரீங்காரம் மெதுவாக ஒரு கிரைண்டரின் சத்தமாக மாறியது. சத்தியமாக எனக்கு அப்படித்தான் கேட்டது! நான் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த முன்னறை என் கண்முன் எழுந்தது. ஈரத் தரை, புளிப்பு வாசனை, ஒரு பாய்.

"எங்க அம்மா மாவுக் கடை வெச்சிருக்காங்க சார்..." என்று யாரோ சொன்னார்கள். அது என் குரல்.

பிறகு எல்லாம் தானாக வந்தது. எரிந்த காயில் வந்தது, வாங்கிய திட்டு வந்தது. மோட்டார் மூச்சு வாங்குவதையும் சொன்னேன். முதல் பெட்டி ஏன் தோற்றது என்று குறுக்குக் கேள்வி கேட்டார்கள். அதற்கும் பதில் இருந்தது. பேருந்தில் அவள்தான் சொல்லியிருந்தாளே! தாடிக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மோட்டார் மூச்சு வாங்குதுன்னு இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. அம்மாவ கேட்டதா சொல்லுங்க."

"சரிங்க சார்" என்றேன். கண்ணில் நீர்கூட வந்தது. அது யாருடைய கண்ணீர்?

வெளியே வந்தேன். மலர் எழுந்து நின்றாள்.

"எப்டி இருந்துச்சு? இன்னா கேட்டாங்க?"

இதுவரை நடந்ததைக் கனவு என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் பல நாள் அப்படிச் சொல்லிக்கொண்டேன். ஆனால் இதற்குப் பிறகு நடந்தது கனவில்லை. அவள் உள்ளே போய் அதே கதையைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்பது அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது.

"புராஜெக்ட் மட்டும்தான் கேக்கறாங்க. நீ அதையே சொல்லு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். என்னை நம்பித்தான் போனாள்!

திரும்பும்போது அவள் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்மூடியிருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே என் பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் அம்மா என்னை எழுந்து நிற்கவைத்தாள், சாட்சி சொல்லச் சொல்லி. கர்த்தர் எனக்குச் செய்த நன்மை என்று தொடங்கினேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அறையில் ஒரு வாக்கியத்தில் நான் இல்லாமல் ஆக்கிவிட்ட என் சொந்த அம்மா...

ஆறு மாதம் போனது, படிப்பு முடிந்தது, வேலை நிலைத்தது. மலர் வழக்கம்போலவே பேசினாள். கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். எனக்கோ விசித்திரமான ஒரு நோய். அந்த முன்னறை என் நினைவாகவே ஆகிவிட்டது. கண்ணயர்ந்தால் அந்தப் பாயில் படுத்திருக்கிறேன். கன்னத்துக்குக் கீழே தரை அதிர்கிறது. விழித்த பிறகு சிறிது நேரம் ஆகிறது, அது என் வீடில்லை என்று உணர.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை அவளைத் தேடிப் போனேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறாள். மேடவாக்கத்தில் அன்று அவள் வேலைக்கு வந்திருந்த ஓர் அடுக்குமாடி வாசலில் காத்திருந்தேன். கையெல்லாம் கிரீசோடு வந்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்போ...?"

"அன்னிக்கே. உள்ள போன ஒடனே, 'அம்மா இன்னா பண்றாங்க'ன்னு கேட்டாரு. நீதான் டீசன்ட்டா பேசுன்னியே. 'ஒண்ணும் இல்ல சார், வூட்ல சும்மா இருக்காங்க'ன்னு சொல்லிட்டேன்."

அவள் அடுத்த விரலைத் துடைத்தாள்.

"அதுக்கு அவரு, 'இப்பதான் ஒரு பொண்ணு வந்துது, அவங்க அம்மா மாவுக் கடைய பத்தி எவ்ளோ பெருமையா சொல்லிச்சு தெரியுமா'ன்னாரு. அதுக்கு மேல, அது எங்கம்மான்னு நான் எந்த வாயால சொல்றது, எஸ்தர்?"

"மலர், என்ன மன்னி..."

"கத போனா போவுது. எங்கம்மா சும்மா இருக்கான்னு சொன்னது நான். அத நான் இன்னும் அவகிட்ட சொல்லல." துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீ சொல்லிட்ட. உனக்கு லேசாயிருக்கும். எனக்கு மேல வேல கீது."

படியேறிப் போய்விட்டாள்.

லேசாகவில்லை. போகும்போது ஒரு குற்றத்தோடு போனேன், திரும்பும்போது இரண்டு. அவளையும் தன் அம்மாவை மறைக்கவைத்தவள் நான்தானே. மறுநாள் திங்கட்கிழமை. குளித்தேன், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், வேலைக்குப் போனேன்.