கருவாட்டுப் பையில் வந்த சட்டம்

முந்தநாள் மத்தியானம் என் மனுசி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தபோது என் கைபேசியில் ஒரு சட்டம் வந்து விழுந்தது. இணையத்தில் எழுதுகிறவர்களுக்கான சட்டத்தில் ஏதோ திருத்தமாம். பத்திரிகையாளர் குழுவில் யாரோ போட்டிருந்தார். முதல் பக்கம் முடிவதற்குள் அடுத்தது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"என்னப்பா உப்பிடி வேர்க்குது? என்னத்தை எழுதினனீங்கள்?"

"ஒண்டும் எழுதேல்லை."

"அப்ப என்னத்துக்குப் பயம்?"

"இனி எழுதினால்?"

அவள் சட்டியின் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த மணம் மட்டும் என்னோடு நின்றது. சிரிக்காதீர்கள், கருவாட்டு மணம் எனக்குச் சட்டத்தின் மணம்.

போர் ஓய்ந்து கண்டி வீதி திறந்த புதிதில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் கத்துக்குட்டி நிருபர். கொழும்பில் ஒரு சட்டம் மாறினால் அதன் அச்சுப் பிரதி எங்களிடம் வந்துசேர எவ்வளவு காலம் ஆகும் என்று சட்டம் செய்தவர்களுக்கே தெரியாது. அதனால் குருநகரில் பிலோமினா அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தா. அவ சட்டத்தரணி; தமையன்மார் கடற்தொழில். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் நாலைந்து நிருபர்களும் இளம் சட்டத்தரணிகளும் அவவின் விறாந்தையில் கூடுவோம். கொழும்புக்குப் போகிற எவரிடமும் அக்கா ஒரு பையைக் கொடுத்துவிடுவா. போகும்போது அதில் சொந்தக்காரருக்குக் கருவாடு. வரும்போது அதே பையில் புதுச் சட்டங்கள், தீர்ப்புகளின் போட்டோப் பிரதிகள். கருத்துச் சுதந்திரம் பற்றிய அருமையான தீர்ப்பொன்றைக் கட்டாக்கருவாட்டு வாடையோடு நான் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

அந்த நாளில்தான் ஓர் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்குள் தண்ணீர் கலந்திருந்ததென்று எழுதினேன். செய்தி வந்த அன்றே சங்கத் தலைவர் சைக்கிளை அலுவலக மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"டேய் தம்பி, உன்னை மறியலிலை போடாமல் நான் ஓயன்!"

அவதூறாக எழுதினால் மறியல், அதாவது சிறை, என்பதுதான் அப்போது நாங்கள் அறிந்திருந்த சட்டம். நான் வீட்டுக்குப் போய் உடுக்க இரண்டு சாரமும் பற்பசையும் ஒரு பையில் வைத்தேன். மறியலுக்குள் தலையணை கொடுப்பார்களா என்று நாலு பேரிடம் விசாரித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஒரு நிருபர், அந்த அவதூறுச் சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கிவிட்டதாக றேடியோவில் கேட்டதாகச் சொன்னான். நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

"இரும் தம்பி," என்றா அக்கா. "எண்டைக்கிருந்து எடுத்தது? உம்மடை செய்திக்கு முந்தியோ, பிந்தியோ?"

"றேடியோவிலை சொன்னவங்கள்தானே அக்கா!"

"றேடியோவைத் தூக்கிக்கொண்டே கோட்டுக்குப் போறது? கடதாசி வரட்டும்."

அந்த முறை பையோடு கொழும்புக்குப் போயிருந்தவன் குமரன்; கடதாசி அவனிடம் இருந்தது. அவன் உடுப்பிட்டிக்காரன், அக்காவின் யூனியர், கொழும்பில் தமக்கையின் கலியாணத்தில் இலட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் நாளும் பஸ் நிலையத்துக்குப் போய்க் காவல் நின்றேன், சாரப் பையோடு. பொலிஸ் முந்துமோ குமரன் முந்துவானோ தெரியாதே. கடைசியில் ஒருநாள் அவன் தூங்கிவழிந்துகொண்டு இறங்கினான்.

"மச்சான், கொண்டந்தனியோ?"

"என்னத்தையடா?"

"சட்டத்தை!"

பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தா. பிறகு என் செய்தி வந்த பேப்பரின் திகதியைப் பார்த்தா.

"உம்மடை செய்தி வரமுந்தியே சட்டம் செத்துப்போச்சு, தம்பி."

இல்லாத சட்டத்துக்குப் பயந்து நான் மெலிந்திருக்கிறேன்! குமரன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

"மறியல் இல்லை. ஆனா அந்த மனுசன் மானநட்ட வழக்குப் போடலாம். எண்ணெயிலை தண்ணி எண்டு எப்பிடித் தெரியும்?"

"சனம் சொன்னது."

"ஆர்? பேர் சொல்லும். கோட்டுக்கு வருவினமோ?"

இருட்டும்வரை எல்லாரும் மாறி மாறிக் குறுக்குவிசாரணை. நான் கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி, விளக்கில் விட்டுப் பார்த்ததும், அது படபடவென்று வெடித்து அணைந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. பயத்தில் எனக்கே அது மறந்துபோயிருந்தது. "இதையெல்லே முதல் சொல்லியிருக்கோணும், விசரா," என்று அக்கா ஒரு தேத்தண்ணியை என் கையில் வைத்தா. "இனிப் போய் நித்திரை கொள்ளும்." கொண்டேன். வழக்கும் வரவில்லை.

அக்கா இப்போது இல்லை. பிள்ளைகள் கனடாவில், வீடு கைமாறி, விறாந்தையை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். சட்டம் இப்போதெல்லாம் கையெழுத்துக் காயமுந்தி வந்துவிடுகிறது. முந்தநாள் நானும் அந்தக் குழுவில், "இதிலை நாலாம் பக்கம் விளங்கேல்லை, கொஞ்சம் பயமாக்கிடக்கு," என்று எழுதினேன். பதிலுக்குப் பத்துப் பதினைந்து தூக்கிய பெருவிரல் படங்கள் வந்தன. ஒருவர் அதே சட்டத்தை எனக்கு இன்னொருக்கால் அனுப்பியிருந்தார்.