கீழே விழுந்துவிட்டேன் என்று சொன்னேன்

மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. அளவும் குறைவு, அரை டம்ளர்கூட இராது. கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி இரண்டு நாட்களாகக் கூடவே இருந்ததால் அது பழகியிருந்தது. இந்த நிறம்தான் பயமுறுத்தியது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் வந்து படுத்துக்கொண்டேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல்களை ஏற்றிவந்து கம்பெனியில் இறக்குவது வேலை. ஒருநாள் பதினெட்டு ரோல்கள் குறைந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள்.

மாலைவரை ஸ்டேஷனில் ஒரு பின்னறையில் வைத்திருந்தார்கள். எஸ்.ஐ. என்னை ஒருமுறைகூட வாடா போடா என்று பேசவில்லை. “குப்புறப் படுத்துக்குங்க” என்றுதான் சொன்னார். பிளாஸ்டிக் குழாயால் இரண்டு தொடைகளிலும் பாதங்களிலும் அடித்தார். அதற்குமேல் எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

ஆறு மணிக்கு ரோல்கள் கிடைத்துவிட்டன. சாயப்பட்டறையிலேயே வேறொரு கம்பெனிச் சரக்கோடு சேர்த்து அடுக்கியிருந்தார்களாம். என்மேல் வழக்கு இல்லை. நான் அங்கே இருந்தேன் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. “வெளிய சொல்லிட்டு இருக்காதீங்க. குடும்பம் இருக்குதுங்கள்ல” என்று சொல்லி அனுப்பினார்.

மனைவி சாந்தி இன்னொரு கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஸ்டேஷனில் இரண்டு தட்டு தட்டினார்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் மதியத்துக்குள் முகம் வீங்கி, வாந்தியும் வந்தது. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

அவசரப் பிரிவில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். வாசலில் ஒரு காவலர் நின்றிருந்தார். அவருக்கும் என்னை அடித்தவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவர் காதில் விழும் தூரத்தில் உண்மை என் வாயில் வரவில்லை. டெம்போ மேலிருந்து கீழே விழுந்துவிட்டேன் என்றேன். அது விபத்துப் பதிவேட்டில் (காயத்தோடு வருகிறவர் சொல்லும் காரணத்தை மருத்துவமனை எழுதிவைக்கும் ஏடு) அப்படியே ஏறியது.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தங்கும் கழிவின் அளவு) ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். எனக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. வந்திருப்பது தசைச் சிதைவு (பலத்த அடியில் நைந்த தசையிலிருந்து வரும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது) என்றார்கள். கழுத்தில் குழாய் செருகி டயாலிசிஸ் (இயந்திரம் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கினார்கள். என் இரத்தம் என்னைவிட்டு வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நான்கு மணிநேரம் படுத்திருந்தேன். திரும்பி வரும்போது அது குளிர்ந்திருந்தது.

இரண்டாம் முறை டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு இளம் பெண் மருத்துவர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணா, டெம்போவுல இருந்து விழுந்தா ரெண்டு தொடையும் ஒரே மாதிரி வரிவரியா கன்னிப் போகாது. பாதத்துலயும் இருக்குது. நான் பார்த்ததை எழுதித்தான் ஆகணும். நீங்க சொல்றதையும் எழுதணும். என்னன்னு எழுதட்டுங்க?”

நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை.

“சொல்லுங்க. நீங்க இங்கயே போய்ட்டாலும் டெம்போவுல இருந்து விழுந்தாருன்னுதான் எழுதிக் குடுப்பாங்க. அந்தக் காகிதத்த வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?”

சொன்னேன். மருத்துவர் தேதியும் நேரமும் போட்டு எழுதி, படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் யார் வருகிறார்கள் என்று முதலில் கால்களைத்தான் பார்த்தேன். பழுப்பு நிற பூட்ஸ் இல்லையென்றால் மூச்சு விடுவேன்.

ஏழு முறை டயாலிசிஸ் ஆனபின் சிறுநீர் மெல்லக் கூடியது. பிழைத்துக்கொண்டீர்கள் என்றார்கள். ஆனால் இடது பாதம் தொங்கிவிட்டது (நரம்பு கெட்டுப் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது). கிளட்சை மிதிக்கிற கால் அது. டிரைவர் வேலை அதோடு முடிந்தது. இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனார். வழக்கறிஞர் முதலில் கேட்டது பதிவேட்டு நகல்தான். படித்துவிட்டு, முதல் வரியே நமக்கு எதிராக இருக்கிறது என்றார்.

மனுப் போட்ட பிறகு வீட்டுக்கு முன்னால் ஒரு பைக் அடிக்கடி நின்றது. ஓட்டிவந்தவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. போன் பேசிவிட்டுப் போய்விடுவார். கம்பெனி மேனேஜர் ஆப்பிள் பையோடு வந்து, வாபஸ் வாங்கினால் ஒரு தொகை பேசி முடித்துத் தருகிறேன் என்றார். அவர் போனதும் வாபஸ் வாங்கிவிடலாம் என்று நானே சாந்தியிடம் சொன்னேன். நீதிமன்றம் உத்தரவிட்ட விசாரணைக்கு ஒருமுறை போய் வந்துவிடுங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்றாள்.

வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அந்த எஸ்.ஐ. சாதாரணச் சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, கால் இப்பப் பரவாயில்லீங்களா?”

அங்கேயே சிறுநீர் போய்விடும் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

முதல் நாள் கீழே விழுந்ததாக ஏன் சொன்னீர்கள் என்று கோட்டாட்சியர் கேட்டார். என் வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது மறந்துபோயிற்று.

“பயமுங்க” என்றேன். “இப்பவும் பயந்துட்டுத்தானுங்க சொல்றேன்.”

அவர் அதை அப்படியே எழுதச் சொன்னார். வெளியே வந்ததும், வாபஸ் வாங்குவதைப் பற்றி நான் பேசவில்லை. சாந்தியும் கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. மனுதாரரின் காயங்கள் காவலில் இருந்தபோது ஏற்பட்டவை என்று ஒரு வரி. வழக்கறிஞர் அதைப் போனில் இரண்டுமுறை படித்தார். இழப்பீடு வந்தது. பெரும்பகுதி சிகிச்சைக்கு வாங்கிய கடனுக்குப் போனது. எஸ்.ஐ. மாற்றலாகிவிட்டார், துறை விசாரணை நடக்கிறது என்றார்கள். எந்த ஸ்டேஷனுக்கு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அடிபட்டுக் கிடக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும். சிறுநீரின் நிறம் மாறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன நடந்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பயம் தெளிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு அது தெளியவே இல்லை.

போன மாதம் பல்லடம் பஸ்ஸில் சாந்தியின் பை தொலைந்தது. ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாம் அதில்தான். போலீஸ் புகார் ரசீது இல்லாமல் புதிது தரமாட்டார்கள். நானே போய்க்கிறேன் என்றாள். அவளைத் தனியாக அங்கே அனுப்ப என்னால் முடியவில்லை.

எதிர்ப்பக்கம் கொஞ்சநேரம் நின்றோம். இந்த ஸ்டேஷனுக்குத்தான் அந்த எஸ்.ஐ. மாற்றலாகி வந்திருக்கிறாரோ என்ற நினைப்பைத் தள்ள முடியவில்லை. பிறகு சாலையைக் கடந்தோம். படியில் இடது காலைக் கையால் தூக்கி வைத்தேன்.

மேசையில் ஒரு பெண் காவலர். “உக்காருங்கண்ணா” என்றார்.

“நின்னுக்கறேனுங்க.”

சாந்தி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். உள்ளே ஒரு கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள் யாரோ ஒரு ஆண் சிரித்தார். அவரா என்று தெரியவில்லை. என் தொடைகள் இரண்டும் தாமாக விறைத்துக்கொண்டன. என்னைக் கேட்காமலே அவை அடிக்குத் தயாராயின. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் வெளியே வரவில்லை. சாந்தி ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஒரு மத்தியானமே போயிருக்கும் என்று நினைத்தேன். வெளியே வந்து நேரம் கேட்டேன். அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

“உள்ள போயி பதினோரு நிமிசந்தானுங்க ஆகுது.”

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ் நிறுத்தம்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.